சோதனைப் பெட்டியும் மதினியும்

அறுபதுகளின் நடுவில், சூலக்கரைப் பக்கம் ஓட்டுக்கூரை போட்ட ஒரு சிறிய ரேடியோ கம்பெனியில் எனக்கு வேலை. டிப்ளமோ முடித்திருந்ததால் இன்ஜினியர் என்றார்கள். பம்பாயிலிருந்து அட்டைப் பெட்டிகளில் டிரான்சிஸ்டர்கள் வரும். மொச்சைக்கொட்டை அளவில் ஒரு தகர மூடி, கீழே மெல்லிய மூன்று கம்பிகள். ரேடியோவுக்குள் வைத்து ஈயத்தால் பற்றவைத்த பிறகுதான் எது கெட்டது என்று தெரியும். அதை முன்கூட்டியே கண்டுபிடிக்க ஒரு கருவி செய்யச் சொன்னார் முதலாளி.

செய்து முடிக்க எட்டு மாதம் ஆனது. தேக்குப் பலகையில் பெட்டி, உள்ளே நான்கு பேட்டரி, முகப்பில் ஒரு மீட்டர். டிரான்சிஸ்டரின் மூன்று கால்களையும் துளைகளில் செருகினால், மின்சாரம் போகக் கூடாத நேரத்தில் எவ்வளவு கசிகிறது என்று முள் காட்டும். நான் போட்டிருந்த சிவப்புக் கோட்டை முள் தாண்டினால் அது கழிவு.

என் அண்ணன் திருத்தங்கலில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறையில் வேலை பார்த்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டியைப் பார்க்க வந்தார். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத அலுமினியப் பொடி நகக்கண்களில் மினுங்கியது.

"இம்புட்டூண்டு சாமான்ல என்னத்தலே சோதிப்பே?"

சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தார். "நாங்க ஒரு வெடியச் சோதிச்சா அதோட அது போச்சு. நீ சோதிச்சத அப்படியே எடுத்து வச்சுக்கிடுறே. நல்ல பொழப்புத்தான்."

மே மாதம் பெட்டி தகராறு செய்தது. மதியத்துக்கு மேல் செருகியதெல்லாம் கழிவு என்றது. முதலாளி வந்து நின்றார். "அம்புட்டும் கழிவா? லோடையே திருப்பி அனுப்பிருவோமா?" ஒரு வாரம் பொறுக்கச் சொன்னேன். மதியம் கழித்ததை மறுநாள் காலையில் செருகினால் நல்லது என்று காட்டியது. அப்போதுதான் உறைத்தது. அந்தக் காலத்து டிரான்சிஸ்டர் ஜெர்மானியத்தில் செய்தது. சூடு ஏற ஏறக் கசிவும் கூடும். நான் கோடு போட்டது மார்கழியில். சுவரில் ஒரு வெப்பமானியை மாட்டி, அதே பத்து டிரான்சிஸ்டர்களை அரை மணிக்கு ஒருமுறை அளந்து நோட்டில் எழுதத் தொடங்கினேன்.

நான்காம் நாள் முற்பகலில் அண்ணனோடு வேலை பார்த்தவர் ஒருவர் பஸ் பிடித்து வந்தார்.

"தம்பி, கொஞ்சம் கிளம்பி வாங்க. கம்பெனில தீப்பிடிச்சிருச்சு. அண்ணன் உள்ள இருந்தாக."

"உசுரு இருக்கா?"

அவர் தரையைப் பார்த்தார்.

அந்த முறைக்குப் பத்தில் ஏழு அளந்திருந்தேன். மீதி மூன்றையும் செருகி, முள் நிற்கும்வரை பார்த்து, எழுதினேன். அவர் வாசலிலேயே நின்றார். பேனாவை மூடிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பினேன்.

சிவகாசி ஆஸ்பத்திரியில் இடுப்பு வெள்ளி அரைஞாணைக் காட்டிக் கேட்டார்கள். "ஆமா, அண்ணன்தான்" என்று கையெழுத்துப் போட்டேன். வெளியே அம்மா என் நெஞ்சில் அடித்து, "அழுலே, அழுதுருலே" என்றாள். வரவில்லை. வருமென்று கொஞ்ச காலம் எதிர்பார்த்தேன். பிறகு எதிர்பார்ப்பதும் நின்றுவிட்டது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து மறுநாள் வேலைக்குப் போனேன். விட்ட இடத்திலிருந்து அளந்து முடித்து, காலைக்கு ஒன்று, மதியத்துக்கு ஒன்று, மழை நாளுக்கு ஒன்று என்று மீட்டரில் மூன்று கோடுகள் போட்டேன். பெட்டி சரியாக வேலை செய்தது. முதலாளி எல்லோருக்கும் அல்வா கொடுத்தார். நானும் சாப்பிட்டேன்.

மூன்று மாதம் கழித்து அண்ணனின் மனைவி, என் மதினி, கேட்டார். கல்யாணமாகி இரண்டே வருஷம், பிள்ளை இல்லை. ஆனைக்குட்டத்தில் பிறந்த வீட்டில் இருந்தார்.

"அங்கன எனக்கு ஒரு வேலை கிடைக்குமா தம்பி? வீட்ல இருந்தா, பாக்க வர்றவுக எல்லாம் அழுறாக."

முதலாளியிடம் சொல்லிப் பெட்டி முன்னால் உட்காரவைத்தேன். கல்யாணத்துக்கு முன் தீப்பெட்டி ஒட்டிய விரல்கள். ஒரு வாரத்தில் என்னைவிட வேகமாகச் செருகி எடுத்தார். கோணிய கால்களைப் பார்க்காமலே நிமிர்த்துவார்.

ஒரு மதியம், கை ஓய்வில்லாமல் கேட்டார். "அன்னைக்கு உங்களுக்குச் சேதி வந்ததும் கிளம்பிட்டீகளா?"

"இல்ல மதினி. மூணு பாக்கி இருந்துச்சு. அளந்துட்டுத்தான் வந்தேன்."

முள்ளைப் பார்த்தார். நல்லதுக்கான தட்டில் போட்டார். அடுத்ததைச் செருகினார். நாலைந்து தாண்டிய பிறகு, "நான் சோத்த வடிச்சு வச்சிட்டுத்தான் வந்தேன். உலை கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு" என்றார்.

நான் தலையாட்டினேன். அதற்குப் பிறகு அவரும் நானும் அதைப் பேசியதில்லை.

சில வருஷத்தில் ஜெர்மானியம் போய் சிலிக்கான் சரக்கு வரத் தொடங்கியது. முதல் நாளே மதினி கூப்பிட்டார். "முள்ளு அசையவே மாட்டேங்கு தம்பி. பெட்டி கெட்டுப்போச்சா?"

கெடவில்லை, புதுச் சரக்கின் கசிவு அந்த மீட்டருக்கு எட்டாத அளவு சிறியது என்றேன். வேறு பெட்டி செய்ய வேண்டும்.

"செய்ங்க. இந்தத் தடவ மீட்டரக் கொஞ்சம் உசத்தி வைங்க. குனிஞ்சு குனிஞ்சு கழுத்து வலிக்கு."

நான்கு அங்குலம் உயர்த்தி வரைந்து, தச்சரிடம் கொடுத்தேன்.