வள்ளிக்கண்ணு திருப்பிக் கொடுத்த துண்டு

வள்ளிக்கண்ணு இறந்த செய்தி வந்தபோது நான் செல்களுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஆய்வகத்தில் அப்படித்தான் சொல்வோம். கிண்ணத்தில் இருக்கும் பழைய ஊட்டத் திரவத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை ஊற்றுகிற வேலை அது. அன்னவாசலிலிருந்து அவருடைய தம்பி பேசினார். "சார், அக்கா போயிட்டாங்க. நெஞ்சு வலிக்குதுன்னாங்க, வண்டி வர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு. அங்கிட்டு இருக்கவங்களுக்கு நீங்களே சொல்லிருங்க" என்றார். சரி என்று சொல்லிவிட்டு மிச்சக் கிண்ணங்களையும் முடித்தேன். பாதியில் போட்டுவிட்டு ஓடியிருந்தால் அந்த அம்மாள் எழுந்து உட்கார்ந்து திட்டியிருப்பார். அதன் பிறகுதான் வெளியே வந்து, படியில் உட்கார்ந்து அழுதேன்.

அவரை அறிந்த உங்களுக்கெல்லாம் அவர் கோபக்காரர் என்பது தெரியும். என்ன வேலை செய்தார் என்பது பலருக்குத் தெரியாது. அவர் தெருவில் அவருக்கு 'நஞ்சு பொறுக்குற டீச்சர்' என்று பேர். அதைச் சொல்லி அவரே சிரிப்பார். தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவே நின்று, எதை உள்ளே விடுவது, எதைத் தடுப்பது என்று பார்த்துக்கொள்ளும் உறுப்பு நஞ்சுக்கொடி. கர்ப்பகாலத்தில் வரும் ரத்தக்கொதிப்புக்கு அங்கே ஏற்படும் கோளாறு பெரிய காரணம். தாய் விழுங்கும் மாத்திரை பிள்ளையைப் போய்ச் சேருமா என்பதும் அங்கேதான் முடிவாகிறது. பிள்ளைத்தாய்ச்சியிடம் கொடுத்துச் சோதித்துப் பார்க்க முடியாது. எலியின் நஞ்சுக்கொடி மனிதருடையதைப் போல இல்லை. ஆகவே ஆய்வகத்தில் ஒரு மாதிரி வேண்டும். செல்களை வெறும் தட்டில் விட்டால் தட்டையாகப் படுத்துக்கொள்ளும். உடம்புக்குள் இருப்பதுபோல அவை நடந்துகொள்ள, பிடித்து ஏற, கட்டடத்துக்குக் கட்டுவதுபோல ஒரு சாரம் வேண்டும். அந்தச் சாரத்தைச் செய்வதுதான் எங்கள் இருவருக்கும் தொழில்.

அதை எதில் செய்வது என்பதில் எங்களுக்குள் ஓயாத சண்டை. நான் இயந்திரக்காரன். ஜெலட்டினைக் கரைத்து, முடியைவிட மெல்லிய இழையாக இழுத்து, வலைபோலப் பின்னிவிடுவேன். யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. அவருக்கு அது பிடிக்காது. "உங்க வலையில செல்லு லாட்ஜுல தங்குன மாதிரி தங்குது சார். சொந்த வீட்டுல இருக்க மாதிரி இல்ல" என்பார். பிரசவத்துக்குப் பின் விழும் உண்மையான நஞ்சுக்கொடியில் ஒரு துண்டை வாங்கி, சோப்புபோன்ற திரவத்தில் நாள்கணக்கில் அலசி, செல்களையெல்லாம் வெளியேற்றிவிடுவார். கடைசியில் நுங்கு நிறத்தில் ஒரு துண்டு மிஞ்சும். அதைப் பிரசவ வார்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு அவர் விளக்குவதைக் கேட்க வேண்டும். "கீத்துப் பந்தல்ல கீத்தை எல்லாம் உருவிட்டா மூங்கில் மட்டும் நிக்கும்ல? எனக்கு அந்த மூங்கில்தாங்க வேணும்."

எங்கள் பக்கத்து ஊர்களில் நஞ்சைக் கேட்டு வாங்கிப்போய்க் கொல்லையில் புதைக்கும் குடும்பங்கள் இன்னும் உண்டு. அதனால் அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். உள்ளங்கை அளவு மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை மஞ்சள் தடவிய கலயத்தில் வைத்து அவர்களிடமே கொடுப்பார். முறைப்படி ஒப்புதல் கையெழுத்து வாங்க ஆட்கள் இருந்தார்கள். ஆனாலும் இவரும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார். எதற்கு இரண்டு வேலை என்றேன். "கையெழுத்து ஆபீசுக்கு சார். நான் கேக்குறது எனக்கு" என்றார்.

பல மாதங்கள் ஒன்றும் சரியாக வரவில்லை. பிறகு ஒரு துண்டில் செல்கள் பிடித்துக்கொண்டன. சும்மா பிடிக்கவில்லை, கர்ப்பத்தின்போது சுரக்கும் ஹார்மோனையே சுரந்தன. பெரிய சோதனைக்கு அனுப்பிக் காத்திருக்க அவருக்குப் பொறுமை இல்லை. மருந்துக்கடையில் விற்கும் கர்ப்பப் பரிசோதனை அட்டையை வாங்கிவரச் சொல்லி, அந்தத் திரவத்தில் ஒரு சொட்டு விட்டார். இரண்டு கோடு விழுந்தது. அட்டையை மேசையில் பார்த்த துப்புரவு அம்மாள் மெதுவாக வந்து, "யாருக்கு மேடம் விசேஷம்?" என்று கேட்டார். வள்ளிக்கண்ணு செல் வளர்க்கும் பெட்டியைக் காட்டி, "அந்தா, உள்ள இருக்கு பாருங்க. மசக்கைதான் இன்னும் வரல" என்றார். அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பு மாடிவரை கேட்டிருக்கும். எங்கள் திட்டத்தைத் தொடரலாமா, மூடலாமா என்று முடிவு செய்யும் குழு இரண்டு வாரத்தில் வருவதாக இருந்தது. இனிக் கவலை இல்லை என்று நினைத்தோம்.

அந்த வாரமே குடுமியான்மலைப் பக்கமிருந்து ஒருவர் வந்தார். செல்வி என்ற பெண்ணின் கணவர். செல்கள் பிடித்த அந்தத் துண்டு செல்வி கொடுத்தது. அவர்களுடைய பிள்ளை பிறந்து சில நாளில் மஞ்சள் காமாலை முற்றி இறந்துவிட்டது. அவர் கதவுக்கு வெளியிலேயே நின்று பேசினார். "நீங்க குடுத்த மிச்சத்தைப் பொதைச்ச எடத்துக்குப் பக்கத்துலயே பிள்ளையையும் பொதைச்சிட்டோங்க. ஒரு துண்டு வெளிய இருந்தா பிள்ளை அமைதியாகாதுன்னு வீட்டுல சொல்றாங்க. செல்வி சரியாத் தூங்கி ரொம்ப நாளாச்சு. அதைக் குடுத்தீங்கன்னா கொண்டுபோயி வச்சிருவேன்."

நான் அவரை உட்காரச் சொல்லிவிட்டு வள்ளிக்கண்ணுவை உள்ளே அழைத்துப் போனேன். "குழு வந்து பாத்துட்டுப் போகட்டும் மேடம். ரெண்டே வாரம் பொறுத்துக்கச் சொல்லுங்க. இல்லேன்னு சொல்லச் சொல்லல."

"புள்ளையப் பறிகுடுத்தவகிட்ட, இன்னும் ரெண்டு வாரம் தூங்காம இருன்னு நான் போய்ச் சொல்லணுமா?"

"இது போச்சுன்னா திட்டமே போயிரும்."

"போகும்" என்றார். "எப்பக் கேட்டாலும் குடுக்குறேன்னு சொல்லித்தான சார் வாங்குனேன். நமக்கு வேணுங்கிறப்ப கேட்டா குடுக்க மாட்டேன்னா சொன்னேன்?"

அப்படியே திரும்பிப் போனார். துண்டைப் பெட்டியிலிருந்து எடுத்தார். ஏறியிருந்த செல்கள் செல்வியுடையவை அல்ல, வேறு இடத்திலிருந்து வந்தவை. அவற்றை அழித்து, துண்டைத் திரும்பத் திரும்ப அலசினார். அலசி முடியும்வரை அந்த மனிதர் டீகூட வேண்டாம் என்று காத்திருந்தார். வள்ளிக்கண்ணு அதைக் கலயத்தில் வைத்து, வெள்ளைத் துணியால் வாய்கட்டி இரண்டு கையாலும் கொடுத்தார். "செல்விட்ட சொல்லுங்க, இதுல ஒண்ணும் கொறையல. மூங்கில் அப்படியே இருக்கு" என்றார். செல்வியின் கணவர் போன பிறகு காலிக் கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு, வள்ளிக்கண்ணு பஸ் ஏறிவிட்டார்.

குழு வந்தது. எங்களிடம் படங்களும் இரண்டு கோட்டு அட்டையும் இருந்தன. நேரில் காட்ட ஒன்றுமில்லை. திட்டம் நீட்டிக்கப்படவில்லை. பெரிய அறை போய், வராந்தாவின் கோடியில் ஒரு சின்ன அறை மிஞ்சியது. செய்தது சரியா என்று இன்றைக்குக் கேட்டாலும் நான் சட்டென்று ஆமாம் என்று சொல்ல மாட்டேன். அந்தச் சாரம் நின்றிருந்தால் எத்தனை தாய்மாருக்கு உதவியிருக்கும் என்ற கணக்கு எனக்குள் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இதை அவர் உயிரோடு இருந்தபோதே முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். "ஓடட்டும் சார், அதுவும் வேணும்" என்பார்.

செல்வி அடுத்த பிரசவத்துக்கு வந்தபோது, யாரும் கேட்காமலே வள்ளிக்கண்ணுவைக் கூப்பிட்டனுப்பி, "இதுலயும் எடுத்துக்கங்கக்கா" என்று சொன்னார். பிள்ளை நன்றாக இருந்தது. இப்போது பள்ளிக்கூடம் போகிறது. கதையாக இருந்தால் அந்தத் துண்டில் செல்கள் செழித்திருக்க வேண்டும். செழிக்கவில்லை. பூஞ்சை பிடித்துவிட்டது. வள்ளிக்கண்ணு அடுத்த துண்டுக்கு வார்டுக்குப் போனார். கடைசி வாரம்வரை போய்க்கொண்டிருந்தார்.

போன மாதம் வார்டுக்கு நான் போனேன். இத்தனை வருடத்தில் இயந்திரத்தை விட்டு அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. குளத்தூர்க்கார அம்மாள் ஒருவர், மகளை உள்ளே அனுப்பிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வார்த்தை தடுமாற, எப்படியோ கேட்டுவிட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எடுத்துக்கங்க. ஆனா நடுவுல எங்களுக்கு மனசு மாறிருச்சுன்னா?"

"எப்பக் கேட்டாலும் குடுத்துருவோங்கம்மா."

சொன்ன பிறகுதான் என் வாயிலிருந்து என்ன வந்தது என்று எனக்கே உறைத்தது. கடைசிவரை நான் ஒப்புக்கொள்ளாத ஒன்றுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு நிற்கிறேன். வள்ளிக்கண்ணுவின் சொத்து என்று என்னிடம் இருப்பது இது ஒன்றுதான். சங்கடத்தோடுதான் வைத்திருக்கிறேன். அந்தத் துண்டில் செல்கள் நன்றாகப் பிடித்திருக்கின்றன. குளத்தூரிலிருந்து யாராவது வந்து கேட்டால், கொடுப்பேன்.