பார்வதி லைன் மாற்றினாள்

கெலமங்கலத்தில் பார்வதி குடியிருந்த தெருவுக்கு ஒரே ஒரு இன்டர்நெட் லைன்தான் வந்தது. அது ராமப்பனுடைய லைன். வேறு யாராவது கம்பத்தில் ஒயர் கட்டினால் ஒரு வாரத்துக்குள் அது அறுந்து தொங்கும். யார் அறுத்தார்கள் என்று எவரும் கேட்டதில்லை. கேபிள் டிவி காலத்திலிருந்தே அந்தக் கம்பங்கள் அவருடையவை என்று தெரு பழகிப் போயிருந்தது.

பார்வதிக்குச் சொந்த ஊர் துறையூர். கணவன் பொன்னுசாமிக்கு ஓசூரில் லேத் வேலை கிடைத்துக் குடிவந்தவர்கள், அப்படியே தங்கிவிட்டார்கள். அவளும் ஒரு பிரேக் உதிரிபாகக் கம்பெனியில் சேர்ந்து பதினாறு வருஷமாகத் தரச் சோதனைப் பிரிவில் இருந்தாள். கேஜை வைத்து அளப்பாள். அளவு துளி பிசகினாலும் எடுத்துச் சிவப்புப் பெட்டியில் போட்டுவிடுவாள். அதற்கப்புறம் சூப்பர்வைசரே வந்து கெஞ்சினாலும் அந்தப் பொருள் வெளியே வராது.

அவர்களுடைய ஒரே மகள் மோகனப்ரியா வாலிபால் ஆடுகிறவள். போன வருஷம் மாநிலப் போட்டியில் அவளுடைய அணி இறுதி ஆட்டம் வரை போனது. ஆட்டம் திருநெல்வேலியில். கம்பெனியில் ஆடிட் நடந்ததால் பார்வதிக்கு லீவு கிடைக்கவில்லை. சாயங்காலம் ஏழு மணிக்கு யூடியூபில் நேரலை வரும் என்றார்கள். மாலையானால் வீடியோ நின்று நின்று ஓடுவது அவளுக்குத் தெரியும். அதனால் மூன்று நாள் முன்னாலேயே ராமப்பனுக்கு ஃபோன் போட்டுச் சொன்னாள்.

"நீங்க கவலப்படாதீங்கம்மா, நான் பாத்துக்கறேன்" என்றார் அவர்.

அன்றைக்கு எதிர்வீட்டு ஷரீஃபுன்னிசா ஒரு தட்டில் சமோசாவோடு வந்தாள். பக்கத்து வீடுகளிலிருந்தும் ஆட்கள் வந்து கூடம் நிறைந்துவிட்டது. ஐந்தாவது செட், பதிமூன்றுக்குப் பதிமூன்று. மோகனப்ரியாவின் கையில் பந்து. அவள் பந்தைத் தரையில் இரண்டு முறை தட்டி மேலே தூக்கினாள். பந்து அந்தரத்தில் நின்றது. திரை நடுவில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. பொன்னுசாமி டிவியை அணைத்துப் போட்டார். ஷரீஃபுன்னிசா தன் ஃபோனில் தேடினாள். படம் திரும்பியபோது பெண்கள் ஒருவரையொருவர் தூக்கிச் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் மகள் கூப்பிட்டாள். "அம்மா, கடைசி ரெண்டு சர்வீஸும் நான்தான். பாத்தியா?"

"பாத்தேன்டி கண்ணு" என்றாள் பார்வதி.

அந்தப் பொய்தான் அவளை அறுத்தது. பிற்பாடு பதிவைப் போட்டுப் பார்த்தாள். ஜெயித்துவிட்டார்கள் என்று தெரிந்துகொண்டு பார்ப்பதில் என்ன இருக்கிறது? மகளிடம் பொய் சொல்லும்படி ஒருவன் வைத்துவிட்டான்.

மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் ராமப்பனின் கடையில் ஏறினாள். அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"எல்லார் வீட்லயும் நல்லாத்தான் ஓடுதுங்கம்மா. உங்க டிவிதான் சரியில்ல. மேட்ச் பாக்கணும்னா நேர்ல போயிருக்கணும்."

அதற்குள் அவருக்கு ஃபோன் வந்தது. எடுத்தவர் அவளை ஓரக்கண்ணால் பார்த்தபடி தெலுங்கில் சொல்லிச் சிரித்தார்: "ஆ ஆடமனிஷிகி ஸ்பீடு குரிஞ்சி ஏமி தெலுசு." அந்தப் பொம்பளைக்கு ஸ்பீடைப் பற்றி என்ன தெரியும் என்று அர்த்தம். பதினாறு வருஷம் தெலுங்குக்காரப் பெண்களோடு ஒரே மேசையில் வேலை பார்த்தவளுக்கு அது புரியாமல் இருக்குமா? அவள் படியிறங்கிக் கம்பெனி பஸ்ஸைப் பிடித்தாள். பஸ் ஓசூர் போய்ச் சேர்வதற்குள் முடிவெடுத்துவிட்டாள். அவருடைய லைன் இந்தத் தெருவில் இருக்கக் கூடாது.

அன்று சாயங்காலமே லைனின் வேகத்தை அளக்க ஆரம்பித்தாள். மகளின் லேப்டாப்பை வைஃபையில் சேர்க்காமல், ஒயரை நேராக ராமப்பன் கொடுத்த இன்டர்நெட் டப்பாவில் செருகினாள். வைஃபையில் சோதித்தால் சுவர் தடுக்கிறது, டிவி பழசு என்று ராமப்பன் தப்பித்துக்கொள்வார். காலை ஆறு மணி, மத்தியானம் பொன்னுசாமியை விட்டு ஒரு தடவை, ராத்திரி எட்டரை. கம்பெனியில் எழுதுவது போலவே ஒரு நோட்டில் தேதி, நேரம், அளவு என்று கட்டம் போட்டு எழுதினாள். நூறு எம்பிபிஎஸ் வேகம் என்று சொல்லி விற்ற லைன் அது. காலையில் தொண்ணூறு வந்தது. எட்டரை மணிக்கு ஏழு. சில நாள் நாலு. மாசத்தில் இருபதாம் தேதி தாண்டினால் காலையிலேயே இரண்டுதான். இவ்வளவு டேட்டாவுக்கு மேல் போனால் வேகத்தைக் குறைப்போம் என்று ரசீதின் பின்பக்கம் எறும்பு எழுத்தில் போட்டிருந்ததை அப்போதுதான் கண்டுபிடித்தாள்.

"ஏன்க்கா இவ்வளவு மெனக்கெடறீங்க?" என்று ஷரீஃபுன்னிசா கேட்டாள்.

"உன் பையன் ஷார்ஜால இருந்து பேசறப்ப மூஞ்சி தெரியுதா?"

"கொரல் மட்டும்தான்க்கா வருது. மூஞ்சி கட்டம் கட்டமா வருது."

"அப்ப நீயும் எழுது."

ஒரு மாசத்தில் ஏழு வீட்டில் நோட்டு ஓடியது.

அடுத்தது வேறு லைன் பார்க்கும் வேலை. மூன்று கம்பெனிகளுக்கு ஃபோன் போட்டாள். முதல் ஆள் முந்நூறு வேகம் என்றான். இரண்டாவது ஆள் பதினாறு ஓடிடி இலவசம் என்று அடுக்கினான். பார்வதி எல்லோரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டாள்.

"பக்கத்துல உங்க லைன் இருக்கற வீடு ஒண்ணு சொல்லுங்க. நான் எட்டர மணிக்கு நேர்ல போய்ப் பாக்கறேன்."

இரண்டு பேர் அப்புறம் பேசுவதாகச் சொன்னார்கள், பேசவில்லை. மூன்றாவது கம்பெனிக்காரன் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஸ்வாதி டீச்சர் வீட்டைச் சொன்னான். பார்வதி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனாள். டீச்சரின் கணவர் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வேகம் என்று சொன்ன லைன், ஒயரில் நாற்பத்தெட்டுக்குக் கீழே இறங்கவேயில்லை. பெரிய டிவியில் துல்லியமாகப் படம் ஓட இருபத்தைந்து போதும் என்று அவளுக்கு இதற்குள் தெரிந்திருந்தது. டீச்சரிடம் கேட்டாள், லைன் அறுந்தால் எத்தனை நாளில் வருவார்கள் என்று. மறுநாளே என்றார்.

தெருவுக்குள் கேபிள் இழுக்க இருபத்தைந்து வீடாவது வேண்டும் என்றது கம்பெனி. வரிசையாக ஞாயிற்றுக்கிழமைகளில் பார்வதியும் ஷரீஃபுன்னிசாவும் வீடு வீடாக ஏறினார்கள். பேச்சே வேண்டியிருக்கவில்லை. நோட்டைப் பிரித்து வைத்தால் போதும். கம்பத்து ஒயரை அறுப்பார்களே என்று பயந்தவர்களிடம், "ஒரு வீட்டு ஒயர அறுக்கலாம். தெரு மொத்தமும் நின்னா எவன் அறுப்பான்?" என்றாள். ராமப்பனுக்குச் சேதி போனது. அவர் பொன்னுசாமியை வழிமறித்து, வீட்டுக்காரம்மாவை அடக்கி வைக்கச் சொன்னார். "அது என் கையில இல்லீங்க" என்றார் பொன்னுசாமி. உண்மையும் அதுதான்.

புது லைன் ஓட ஆரம்பித்த மறுநாள் காலை, இருபத்தேழு வீட்டுக்காரர்களும் தங்கள் தங்கள் டப்பாவோடு ராமப்பன் கடைக்கு நடந்தார்கள். ஒவ்வொன்றாக மேசைமேல் அடுக்கினார்கள். மேசை நிறைந்து, கீழேயும் வைக்கவேண்டி வந்தது. கடைசியாகத் தன் டப்பாவை வைத்துவிட்டுப் பார்வதி தெலுங்கில் சொன்னாள்.

"லெக்க பெட்டுகோண்டி. இரவை ஏடு உன்னாயி."

எண்ணிக்கொள்ளுங்கள், இருபத்தேழு இருக்கிறது. ராமப்பன் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். அன்றைக்குத் தான் சொன்னது இவளுக்குப் புரிந்திருக்கிறது என்பது அவர் முகத்தில் மெல்ல ஏறுவதை அவள் நின்று முழுசாகப் பார்த்தாள். வெல்லம் தின்றது போல் இருந்தது அவளுக்கு.

நாலு மாசம் கழித்து, வைக்கோல் ஏற்றிய லாரி ஒன்று தெருமுனையில் புதுக் கேபிளை இழுத்து அறுத்துவிட்டது. பார்வதி ஆப்பில் புகார் போட்டாள். மறுநாள் அவளுக்கு லீவு. மத்தியானம் ஏணியோடு வந்து நின்றவர் ராமப்பன். சந்தாதாரர்கள் போனபின் கடையை மூடிவிட்டு, அதே புதுக் கம்பெனியிடம் ரிப்பேர் கான்ட்ராக்ட் எடுத்திருந்தார். கழுத்தில் அடையாள அட்டை. வெயிலில் முகம் கருத்திருந்தது.

கம்பத்தில் ஏறி இணைத்துவிட்டு வாசலுக்கு வந்தார். "சரியாப் போச்சுங்க மேடம். உங்க ஃபோனுக்கு ஓடிபி வந்திருக்கும். சொன்னீங்கன்னா முடிச்சுருவேன்."

அந்த நான்கு எண் இல்லாமல் அவர் வேலை முடிந்ததாகக் கணக்காகாது. பார்வதி ஃபோனைப் பார்த்தாள். எண் வந்திருந்தது.

"இப்ப தெருவுல யாரும் வீட்ல இல்ல, அதனால வேகம் வரும். எட்டர மணிக்கு வாங்க. டெஸ்ட் பண்ணிட்டுத் தர்றேன்."

"மேடம், இன்னும் மூணு எடம் போகணும்."

"போயிட்டு வாங்க."

எட்டரைக்கு வந்தார். வாசலுக்கு வெளியே செருப்போடு நின்றார். அவள் லேப்டாப்பில் ஒயரைச் செருகி, திரையை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். நாற்பத்தொன்பது. ஒரு படத்தைப் போட்டுப் பத்து நிமிஷம் ஓடவிட்டாள். அவர் நின்றுகொண்டே இருந்தார். லீவுக்கு வந்திருந்த மோகனப்ரியா உள்ளேயிருந்து மெதுவாகச் சொன்னாள்.

"விட்ரும்மா. பாவம்மா அவரு."

பார்வதி மகளைத் திரும்பிப் பார்த்தாள். அந்தக் கடைசி சர்வீஸைத் தான் பார்க்கவில்லை என்பதை இன்னும் அவளிடம் சொல்லவில்லை. இனியும் சொல்லப் போவதில்லை. பத்து நிமிஷமும் முடியும் வரை காத்திருந்துவிட்டு, ஓடிபியை ஒவ்வொரு எண்ணாக நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். ராமப்பன் தன் ஃபோனில் தட்டிக்கொண்டு, ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அவர் தெரு தாண்டும் வரை அவள் வாசலில்தான் நின்றாள். பாவமாக இருக்கிறதா என்று மனசைத் தொட்டுப் பார்த்தாள். இல்லை.