பிரேக்குக்கு எண்ணெய் விட்டவன்

எட்டு வருஷம் எங்கள் வீட்டுக் காரை ஓட்டியவருக்கு என்னால்தான் வேலை போயிற்று. இதை அப்பாவிடம் சொல்ல, அவர் இருந்தவரை எனக்குத் துப்பில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் அந்தப் பழைய கார் ஊரைக் கூட்டிக்கொண்டுதான் நிற்கும். பிரேக்கை மிதித்தால் இடது முன் சக்கரத்திலிருந்து ஒரு கிறீச். மாடவீதியே திரும்பிப் பார்க்கும். மார்கழியில் ஒரு மாலை அம்மாவைக் கச்சேரிக்கு இறக்கிவிட சபா வாசலில் நின்றபோது, என் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று.

“பிரேக் லைனிங் தேஞ்சி பூட்ச்சு சார். டிரம்மைக் கழட்டிப் பாத்துடலாம்” என்று டிரைவர் அப்பாவிடம் நச்சரித்துக்கொண்டே இருந்தார். அப்பா ஐகோர்ட் வக்கீல். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று அதற்கும் வாய்தா வாங்கிக்கொண்டிருந்தார்.

நான் அப்போது மெக்கானிக்கல் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். எங்கள் வீட்டில் எது கத்தினாலும் ஒரே மருந்துதான். ஊஞ்சல் சங்கிலியோ கதவுக் கீலோ, அம்மா தையல் மெஷின் டிராயரிலிருந்து எண்ணெய்க் குப்பியை எடுத்து இரண்டு சொட்டு விடுவாள், சத்தம் அடங்கிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லாரும் தூங்கும்போது அதே குப்பியோடு காருக்கு அடியில் நுழைந்தேன். சக்கரத்தின் பின்பக்கத் தகட்டில், பிரேக்கை டைட் வைப்பதற்காக ஒரு சின்ன ஓட்டை, ரப்பர் மூடி போட்டு இருக்கும். மூடியைப் பிடுங்கினேன். இரண்டு சொட்டெல்லாம் இல்லை, குப்பியையே கவிழ்த்தேன். உரசினால்தான் பிரேக் பிடிக்கும் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான். இந்த மரமண்டைக்கு அன்று அது உறைக்கவில்லை.

திங்கட்கிழமை காலை டிரைவர் வண்டியை வெளியே எடுத்து நிறுத்தினார். சத்தமே இல்லை. அப்பாவுக்கு ஏக சந்தோஷம். டிரைவர் மட்டும் முகத்தைச் சுளித்தார்.

“சத்தம் தானா நிக்காது சார். இன்னாமோ ஆயிக்கீது. மெக்கானிக் கைல காட்டிட்டு அப்பால எடுக்கலாம்.”

“கத்தினாலும் பிரிக்கணும்கறே, கத்தாட்டாலும் பிரிக்கணும்கறே. கோர்ட்டுக்கு நாழியாச்சு, எடுப்பா.”

நான் வாசலில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உள்ளுக்குள் ரொம்பப் பெருமையாக இருந்தது.

லஸ் முனையில் முன்னால் போன பஸ் சட்டென்று நிற்க, டிரைவர் பிரேக்கை அழுத்தினார். எண்ணெய் குடித்த இடது சக்கரம் பிடிக்கவில்லை, வலது மட்டும் பிடித்தது. வண்டி வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போய் நடுத்திட்டில் மோதியது. பின்சீட்டில் இருந்த அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. டிரைவருக்கு ஸ்டியரிங்கில் வாய் இடித்து, மேலுதட்டில் நாலு தையல்.

சாயங்காலம் மெக்கானிக் எங்கள் வாசலிலேயே டிரம்மைக் கழற்றினார். லைனிங் ஊறிப்போயிருந்தது. “கசிவு மாதிரி தெரியல சார். மூடிய இப்பத்தான் புடுங்கி மாட்டிக்கீறாங்க. எவனோ ஊத்திக்கீறான்” என்றார்.

அப்பா கூடத்தில் விசாரணையை ஆரம்பித்துவிட்டார். “வண்டியைத் தொடறவன் நீ ஒருத்தன்தான். சத்தம் தானா நிக்காதுன்னு காத்தால நீயேதான் சொன்னே. உனக்கு எப்படித் தெரிஞ்சுது?”

டிரைவர் நல்லதுக்குச் சொன்னது அவருக்கே எதிர்சாட்சி ஆயிற்று. தையல் போட்ட உதட்டோடு, “எம் புள்ளைங்க மேல சத்தியமா நான் இல்ல சார். இந்த வேலைய நம்பித்தான் கீறேன்” என்றார்.

நான் கதவோரம் நின்றிருந்தேன். என் ஒரு வார்த்தை போதும், அவர் வேலை நிலைத்திருக்கும். அப்பா அடிப்பார் என்ற பயமெல்லாம் இல்லை, அவர் கை ஓங்கியதே கிடையாது. ‘வாங்கோ இன்ஜினியர் சார்’ என்று ஆயுசுக்கும் கேலி பண்ணுவார். அதற்குப் பயந்து வாயை மூடிக்கொண்டேன். டிரைவர் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

இரண்டு நாள் கழித்து அம்மா காலிக் குப்பியை என் கையில் கொடுத்து, “புதுசு வாங்கிண்டு வா” என்றாள். எப்படித் தீர்ந்தது என்று கேட்கவில்லை. நான் போய் வாங்கி வந்தேன்.

பிரேக்கில் எண்ணெய் ஊற்றியவன் என்று பேர் வந்துவிட்டால் அக்கம்பக்கத்தில் எவர் சாவி கொடுப்பார்? ஆறு மாதம் கழித்து பாண்டி பஜாரில் ஒரு பாத்திரக்கடை வாசலில் அவரைப் பார்த்தேன். டெம்போவிலிருந்து அண்டா இறக்கிக்கொண்டிருந்தார். நான் நழுவப் பார்த்தேன், அவர் பார்த்துவிட்டார்.

“தம்பி! அப்பா அம்மா நல்லாக்கீறாங்களா?”

உதட்டுத் தழும்பைப் பார்க்காமல் தலையாட்டினேன். அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

“உன்னாண்ட ஒண்ணு கேக்கணும்னே இருந்தேன். நீ இன்ஜினியருக்குப் படிக்கிற புள்ள, உனக்குத் தெரியும். அந்த எண்ணெய்... மெக்கானிக் சரியா பாக்கலியோ? உள்ள ரப்பர் சீல் கசிஞ்சி, நான்தான் கவனிக்காம வுட்டுட்டனோ? அதையே நெனச்சிக்கினு கீறேன். அப்டி இருந்தா சார் என்னிய அனுப்சது ஞாயம்தான்பா.”

என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். சொல்வதற்கு அதைவிட நல்ல சமயம் எனக்கு வாய்த்திருக்காது.

“இருக்கலாம்ணே. சீலாத்தான் இருக்கும்” என்றேன்.

அவர் மெல்லத் தலையாட்டிவிட்டு, அடுத்த அண்டாவை இறக்கப் போனார்.