பாலத்தில் நின்றுபோன தாஜ்மகால் பயணம்

தாஜ்மகாலைப் பார்க்க வேண்டும் என்பது பள்ளி நாளிலிருந்தே என் ஆசை. அறுபதை நெருங்கும்போதுதான் டிக்கெட் போட்டோம். அங்கே படம் எடுக்கக் கட்டும் சேலைக்கு ஜொகூரில் ரவிக்கை தைக்கக் கொடுத்திருந்தேன். சிங்கப்பூரில் உட்லண்ட்ஸ் பக்கம் இருப்பவர்களுக்கு, கடல்பாலத்தைத் தாண்டினால் வரும் மலேசியாவின் ஜொகூர் அடுத்த தெரு மாதிரி. இரவுதானே விமானம் என்று, அன்று காலை அதை வாங்கிவர பாஸ்போர்ட்டோடு பஸ் ஏறிப் போனேன். பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டது என்பது, திரும்பும் வழியில் பாலத்தின் நடுவில்தான் உறைத்தது.

பஸ் அசையவே இல்லை. எதிர்க்கரையில், மார்சிலிங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக் கண்ணுக்கு எதிரே தெரிந்தது. ஆனால் இறங்கி நடக்க முடியாமல் பஸ் கதவு மூடியிருந்தது.

கணவர் போன் செய்தார். "பெட்டி கட்டியாச்சு. நீ எங்க இருக்க?"

"பாலத்துல."

"நம்ம வீட்டு காரிடார்ல நின்னு பாக்குறேன். ஒரு பஸ்ஸும் நகரல லா!"

"உள்ள உக்காந்திருக்குற எனக்குத் தெரியாதா?" என்று கத்தியபோதே அழுகை வந்துவிட்டது.

கடைசியில் பயணிகள் கெஞ்சியதும் டிரைவர் கதவைத் திறந்தார். எல்லாரோடும் பாலத்தோரமாக வெயிலில் ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தேன். சோதனைச்சாவடிக்கு வெளியே கணவர் பெட்டிகளோடு டாக்சியில் காத்திருந்தார்.

விமானத்தில் கடைசியாக ஏறியவர்கள் நாங்கள்தான். உட்கார்ந்த பிறகுதான், ரவிக்கைப் பையைப் பஸ்ஸிலேயே விட்டது நினைவுக்கு வந்தது. தாஜ்மகால் முன்னால் பழைய சுடிதாரில்தான் நின்றேன்.

இப்போதெல்லாம் பயண நாளில் நான் பாலத்தைத் தாண்டுவதில்லை. ஆனால் காரிடாரிலிருந்து அசையாத பஸ் வரிசையைப் பார்த்தால், உள்ளே யாருக்கு இன்று விமானமோ என்று, அது நகரும்வரை நின்று பார்க்கிறேன்.