என் வலது கையில் ஒரு பொய்மூட்டு

1942இல், போர்க்காலத்தில், பிரிக்பீல்ட்ஸில் ரேஷன் அரிசி வரிசையில் நடந்த தள்ளுமுள்ளில் சாக்கடைக்குள் விழுந்தேன். வலது மேற்கை எலும்பு முறிந்தது. மருத்துவமனையில் மாவுக்கட்டுப் போடச் சாமான் இல்லை. மூங்கில் பத்தை வைத்துக் கட்டி அனுப்பினார்கள்.

ஆறு மாதத்தில் வலி போய்விட்டது. சந்தோஷமாகக் கட்டை அவிழ்த்துக் கையைத் தூக்கினேன். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே, மடங்கக் கூடாத இடத்தில் மடங்கியது.

"எலும்பு ஒட்டலம்மா," என்றார் டாக்டர். "ரெண்டு முனையும் வழுவழுன்னு ஆகி, புதுசா ஒரு மூட்டு மாதிரி அசையுது. அதான் வலிக்கல."

அதற்குப் பெயர் பொய்மூட்டு (முறிந்த எலும்பு சேராமல், அந்த இடமே மூட்டுப்போல் ஆகிவிடுவது). ஆபரேஷன் செய்ய அப்போது மருந்தும் இல்லை, ஆளும் இல்லை.

என் மகள் கமலாவுக்கு அப்போது ஒரு வயது. அவளைப் பார்த்துக்கொள்ள என் தங்கை செல்லம் கிள்ளானிலிருந்து வந்து தங்கியிருந்தாள். சிறுவயதில் செல்லத்துக்கும் கை முறிந்ததுண்டு. இரண்டே மாதத்தில் ஒட்டிக்கொண்டது. ஒரே வயிற்றில் பிறந்தும் அவள் எலும்புக்கு மட்டும் அந்தச் சமர்த்து எப்படி வந்தது? அவள் துணி பிழியும்போது அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் கமலா அவளை "அம்மா" என்றாள். செல்லம் பதறி என்னைக் காட்டினாள். குழந்தை என்னைப் பார்த்துவிட்டு அவள் தோளில் முகம் புதைத்துக்கொண்டது.

"நீ கிள்ளானுக்குப் போ. நானே பாத்துக்கிறேன்," என்றேன்.

"இந்தக் கைய வச்சுக்கிட்டு எப்படிக்கா?"

"போன்னு சொன்னேன்ல."

அவள் போன நான்காம் நாள், கமலாவைக் குளிப்பாட்டித் தூக்கும்போது கை மடங்கிவிட்டது. குழந்தை வழுக்கி விழுந்து நெற்றி கிழிந்தது. நல்லவேளை, அதற்குமேல் ஒன்றும் ஆகவில்லை. அவள் காயத்தில் துணியைக் கட்டி, அவளையும் கூட்டிக்கொண்டு அன்றே கிள்ளானுக்கு ரயிலேறினேன்.

"பொறாமையிலதான் உன்னைப் போகச் சொன்னேன்," என்றேன் செல்லத்திடம்.

"தெரியும்க்கா. இரு, துணிமணி எடுத்துட்டு வரேன்."

ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த என் கணவர், தகரப் பட்டை வைத்துத் தோலுறை ஒன்று தைத்துத் தந்தார். அதைக் கட்டினால் கை ஓரளவு நிற்கும். குழந்தையை இடது இடுப்பில் தூக்கப் பழகினேன்.

1945இல் போர் முடிந்தபின், காலெலும்பில் ஒரு துண்டு எடுத்து வைத்து ஒட்டலாம் என்றார் டாக்டர். ஆறு மாதம் கையைக் கட்டிப்போட்டிருக்க வேண்டும்; அதுவரை கமலா முழுக்கச் செல்லத்தின் கையில்தான். மறுத்துவிட்டேன்.

"நாலு வயசுப் பிள்ள, இனிமேயா அம்மாவ மாத்திக்கப் போவுது?" என்று சிரித்தார் கணவர். ஆறு மாதம் எவ்வளவு நீளமென்று அவருக்குத் தெரியாது.

உங்களுக்கும் பொய்மூட்டு இருந்தால் என்னைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். காய்ச்சல் வந்தால் கமலா இப்போதும் சித்தியைத்தான் கேட்கிறாள். இந்தக் கையோடு நானே முந்திக்கொண்டு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறேன்.