இல்லாத பாட்டியின் சங்கிலி

எங்கள் சமையலறை ஜன்னலோரத்தில் இரண்டு டப்பாக்களின்மேல் ஒரு மரப்பலகை படுத்திருக்கிறது. காய் நறுக்க வாங்கியது. நான்தான் அதில் ஒன்பது துளைகள் போட்டேன். முதல் துளையில் என் கட்டைவிரல் தாராளமாக நுழையும். கடைசித் துளையில் பென்சில்கூட நுழையாது. தாமிரக் கம்பியில் பின்னிய சங்கிலியைப் பெரிய துளையில் தொடங்கிச் சிறிய துளைவரை ஒவ்வொன்றாக இழுக்க வேண்டும். இழுக்க இழுக்கச் சங்கிலி இளைத்து நீளும். கோணல்மாணலாக இருந்த கண்ணிகள் வரிசைக்கு வரும். இப்போது அந்தத் துளைகளில் என் மகள் கலர் பென்சில்களைச் செருகி வைத்திருக்கிறாள். உள்விளிம்புகளில் தாமிரம் உரசிய கறுப்பு மட்டும் போகவில்லை. அதைத் துடைக்கும்போதெல்லாம் மாடி வீட்டு அக்கா நினைவுக்கு வருவார். அன்றே வாய் திறந்து சொல்லியிருக்க வேண்டுமோ என்ற கேள்வியும் கூடவே வரும்.

அமெரிக்கா வந்த புதிதில், பிளெய்ன்ஸ்பரோவில் நாங்கள் முதலில் குடியிருந்த அபார்ட்மென்ட்டில் எங்களுக்கு நேர் மேல்வீடு அவருடையது. ஈரோட்டுக்காரர். மருந்து கம்பெனியில் புள்ளியியல் வேலை. என்னைவிட நான்கைந்து வயதுதான் கூட. நான் சென்னையில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் செய்துகொண்டிருந்தவள். இங்கே விசா வேலை பார்க்க விடவில்லை. கணவர் காலை ரயிலைப் பிடிக்கக் கிளம்பியதும் நானும் மூன்று வயது மகளும் மட்டும்தான் வீட்டில். அந்த நாட்களில் எனக்குப் பயமில்லாத விஷயமே கிடையாது. குழந்தை இரண்டு முறை இருமினால் பயம். டாக்டர் அவளுடைய எடையைக் கேட்டுவிட்டு ‘ம்ம்’ என்றால் பயம். ஒரு சனிக்கிழமை அக்கா கணுக்கால்வரை தொங்கும் லினன் அங்கியும், இரு தோள்களிலும் ஆமை ஓடு போன்ற வெண்கல ஊக்குகளுமாகப் படியிறங்கி வந்தார். “என்னக்கா, ஹாலோவீனா?” என்று கேட்டேன். “அதெல்லாம் இல்ல கண்ணு, ஆயிரம் வருஷம் பின்னாடி போறேன். வர்றதுன்னா வா. வீட்டுக்குள்ளயே உக்காந்து தெர்மாமீட்டரப் பாத்துட்டு இருந்தா புள்ளைக்கு இல்லாத ஜொரமும் வந்துரும்” என்றார்.

இடைக்கால ஐரோப்பாவின் உடையணிந்து, பூங்காவில் கூடாரமடித்து, விறகடுப்பில் சமைத்து வார இறுதியைக் கழிக்கும் ஒரு குழு அது. பெரும்பாலும் அமெரிக்கர்கள், ஆசிரியர்கள், நர்சுகள், ஓய்வு பெற்றவர்கள். முதல் நாள் ஒரு மூலையில் குழந்தையின் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆனால் அவர்களுடைய ஒரு வழக்கம் என்னைக் கட்டிப்போட்டுவிட்டது. யார் எதைக் கையால் செய்து கொண்டுவந்தாலும், பக்கத்தில் ஒரு கட்டுரையும் வைக்க வேண்டும். எந்தப் பழம்பொருளைப் பார்த்துச் செய்தேன், என்ன கருவி, எங்கே தவறினேன், எங்கே அந்தக் காலத்து முறையை விட்டு விலகினேன் என்று எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுத வேண்டும். எவ்வளவு நேர்மையாகத் தவறை எழுதுகிறோமோ அவ்வளவு மதிப்பு. செய்த ஒவ்வொன்றையும் மூன்று முறை சந்தேகப்படுகிற என்னைப் போன்ற ஒருத்திக்கு அப்படி ஓர் இடம் உலகத்தில் இருக்கும் என்று அதுவரை தெரியாது.

அக்காவுக்குத் துணி தைக்க வரும், நகை வேலை வராது. இரண்டு ஊக்குகளுக்கும் நடுவே தொங்கவிட ஒரு சங்கிலி வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நூலகத்தில் ஒரு படப் புத்தகத்தை எடுத்து வந்து நான் முயன்று பார்த்தேன். பழைய வட ஐரோப்பியக் கடலோடிகளான வைக்கிங்குகளின் கல்லறைகளில் கிடைத்த கம்பிச் சங்கிலிகள். ஒரு தடித்த குச்சியைச் சுற்றி ஐந்து வளையங்கள் போட்டு, ஒவ்வொரு கண்ணியையும் மேலே உள்ள கண்ணியின் பின்னால் கோத்துக்கொண்டே இறங்க வேண்டும். என்னிடம் குச்சி இல்லை. மகளின் ஊதா நிறத் தடி மார்க்கர் இருந்தது. அவள் மதியம் தூங்கும் ஒன்றரை மணி நேரம்தான் என் பட்டறை. கம்பி முறியும், கண்ணி தவறும், எண்ணிக்கை ஐந்திலிருந்து நான்காகிவிடும். விரல்நுனிகள் கீறிப்போய் ரசத்துக்குப் புளி கரைக்கும்போது எரியும். பன்னிரண்டு சங்கிலிகள் வீணாயின. பதின்மூன்றாவது, பலகையின் கடைசித் துளையிலிருந்து வெளியே வந்தபோது பாம்புக்குட்டி மாதிரி என் கையில் சுருண்டது. தூங்கும் குழந்தையை எழுப்பிக் காட்டலாமா என்றுகூட நினைத்தேன்.

அதே புத்தகத்தில்தான் அந்த அடிக்குறிப்பு இருந்தது. இந்தப் பின்னலுக்கு அருங்காட்சியகக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் ‘டிரிச்சினோபோலி’. வெள்ளைக்காரர்கள் வாயில் எங்கள் திருச்சி. எங்கள் ஊரில் ஒரு காலத்தில் விற்ற சங்கிலிகளைப் போலவே அவை இருந்ததால் வந்த பெயராம். பிறந்து வளர்ந்த எனக்கே அது தெரியாது. சலவை அறையில் துணி சுழன்றுகொண்டிருக்கும்போது ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். “பாத்தியா கண்ணு, உங்க ஊர்க்காரங்க வைக்கிங்குக்கும் முன்னாடியே கடை போட்டுட்டாங்க!” நானும் சிரித்தேன். அதிலிருந்து முளைத்த கதைக்கு முதல் கண்ணியைப் போட்டுக் கொடுத்தது நான்தான் என்று பிற்பாடு பலமுறை என்னையே திட்டிக்கொண்டிருக்கிறேன்.

அதன்பின் ஒரு வருடம் அந்தக் குழுவில் எனக்குக் கிடைத்த அன்பை நான் வாழ்நாளில் கண்டதில்லை. நெருப்புக்கு அருகில் இடம் விடுவார்கள். வெள்ளைப் பின்னல் போட்ட ஒரு மூதாட்டி, அவர்தான் கைவேலைகளுக்கு நடுவர், என் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஊரைப் பற்றிக் கேட்பார்கள். என் உழைப்பைப் பார்த்துத்தான் என்று நம்பினேன்.

இலையுதிர் காலத்தில் பெரிய முகாம். அதில் கைவேலைகளைக் காட்சிக்கு வைப்பார்கள். தேர்வானவர் அடுத்த வருடம் மற்றவர்களுக்கு வகுப்பு எடுக்கலாம். ஒருகாலத்தில் அலுவலகத்தில் என் பேச்சை நான்கு பேர் கேட்டார்கள். இந்த நாட்டில் வந்திறங்கிய பிறகு, எனக்குத் தெரிந்த ஒன்றை நான் சொல்ல யாராவது கேட்க மாட்டார்களா என்று ஏங்கிப் போயிருந்தேன். பதினோரு பக்கம் எழுதினேன். பன்னிரண்டு தோல்விகளும், மார்க்கரும், மகளின் மதியத் தூக்கமும் எல்லாமே அதில் இருந்தன. முகாம் அன்று காலை குழந்தைக்கு மூக்கொழுகியது. போவதா வேண்டாமா என்று நான் தவிப்பதைப் பார்த்து, “நீ மெதுவா வா, மேசைய நான் போட்டு வெக்கறேன்” என்று சங்கிலியையும் பக்கங்களையும் அக்கா வாங்கிக்கொண்டு போனார்.

நான் போய்ச் சேரும்போது மதியமாகிவிட்டது. மேசையில் நீல வெல்வெட் துணி. அதன்மேல் சங்கிலி. பக்கத்தில் அக்காவின் அழகான எழுத்தில் ஓர் அட்டை. டிரிச்சினோபோலியின் பரம்பரைப் பொற்கொல்லர் குடும்பத்தில் பிறந்தவர் என்று என் பெயரைப் போட்டு, சிறுவயதில் பாட்டியிடம் கற்ற கலை என்று எழுதியிருந்தது. என் அப்பா பாய்லர் தொழிற்சாலையில் கணக்கர். ஒரு பாட்டி தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவர். இன்னொரு பாட்டிக்கு ஊசியில் நூல் கோக்கவே பொறுமை கிடையாது. அறுந்த பொத்தானை ஊக்குக் குத்திச் சமாளிப்பார். நான் அட்டையை இரண்டாவது முறை படிப்பதற்குள் வெள்ளைப் பின்னல் மூதாட்டி என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. உன் பாட்டி இதைப் பார்த்தால் எவ்வளவு பெருமைப்படுவார் என்றார். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். மகள் என் இடுப்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் “தேங்க் யூ” என்றேன்.

என் பதினோரு பக்கங்கள் மேசைக்கு அடியில், அக்காவின் சாப்பாட்டுக் கூடையில், தயிர்சாத டப்பாவுக்குக் கீழே கிடந்தன. முதல் பக்கத்தில் ஊறுகாய் எண்ணெய் வட்டமாக ஊறியிருந்தது.

திரும்பி வரும்போது காரை ஓட்டியது அக்கா. பின்சீட்டில் குழந்தை தூங்கிப்போனாள்.

“அந்தப் பேப்பர ஏங்க்கா வைக்கல?”

“பதினோரு பக்கத்த எவ கண்ணு படிப்பா? அதுலயும் மார்க்கர் பேனா, புள்ள தூக்கம்னு எழுதி வெச்சிருக்கற. டெஸ்டிங் ரிப்போர்ட் கணக்கா.”

“நான் பண்ணதுதான அது? எந்தப் பாட்டியும் எனக்குச் சொல்லிக் குடுக்கலையே.”

“அட்டைல உம்பேருதான போட்டிருக்கு? கூட ஒரு பாட்டி சேந்தா என்ன கொறஞ்சு போச்சு? வகுப்பு எடுக்கற சான்ஸ் கெடச்சுதா இல்லயா?” கொஞ்ச தூரம் போனதும் சாதாரணமாகச் சொன்னார். “இன்னைக்கு நேத்தா சொன்னேன்? நீ அந்த ஊர்ப் பேரச் சொன்னியே, அந்த வாரமே சொல்லிட்டேன். அப்புறந்தான் உன்னய எல்லாரும் திரும்பியே பாத்தாங்க.”

நெருப்புக்கு அருகில் விட்ட இடம், திருப்பித் திருப்பிப் பார்த்த கைகள் எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் என்னைவிட்டுப் போயின. ஒரு வருடமாக அவர்கள் கொண்டாடியது என்னை அல்ல. அமெரிக்கர்கள் யாராவது அப்படி ஊகித்திருந்தால் அறியாமை என்று விட்டிருப்பேன். அக்காவுக்கு என் கீறல் விரல்கள் தெரியும். வீணான பன்னிரண்டு சங்கிலிகளையும் அவர் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறார். தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

நான் வகுப்பு எடுக்கவில்லை. குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று இரண்டு முறை சொன்னேன். அதன்பின் அவர்கள் கேட்கவில்லை. நடுவருக்கு உண்மையை எழுதலாம் என்று கடிதம் தொடங்கி, அக்காவைக் காட்டிக்கொடுத்ததாகுமோ என்று நிறுத்தினேன். அக்காவுக்கு என் கோபம் கடைசிவரை புரியவில்லை. எனக்கு நல்லதுதான் செய்தார் என்று இன்றும் நம்புவார்; சில நாட்கள் நானே அப்படி நினைத்துப் பார்ப்பதுண்டு. அடுத்த வசந்தத்தில் டெக்சாஸில் வேலை கிடைத்துப் போய்விட்டார். சங்கிலி அவருக்காகச் செய்தது, ஆகவே அவரோடு போயிற்று. அங்குள்ள முகாம்களிலிருந்து வருடம் ஒருமுறை படம் அனுப்புவார். நீலத் துணி, சங்கிலி, பக்கத்தில் அதே அட்டை. நான் ஒரு கும்பிடு பொம்மை அனுப்பிவிட்டு போனைக் கவிழ்த்து வைப்பேன்.

போன வாரம் மகள் பள்ளியிலிருந்து ஒரு தாள் கொண்டுவந்தாள். இப்போது இரண்டாம் வகுப்பு. குடும்பத்தைப் பற்றிப் பெருமையான ஒன்றை எழுத வேண்டுமாம். கோணல் எழுத்தில் எழுதி முடித்திருந்தாள்: எங்கள் கொள்ளுப்பாட்டி நகை செய்பவர், அவர்தான் அம்மாவுக்குக் கற்றுக்கொடுத்தார். நான்கு வயதில் என் இடுப்பில் உட்கார்ந்து கேட்டது. அவள் மறந்திருப்பாள் என்று நான் நினைத்தது.

அலமாரியிலிருந்து ஊறுகாய் வட்டம் படிந்த பக்கங்களையும், கம்பித் தழும்பு விழுந்த ஊதா மார்க்கரையும், முதலாவதாக வீணான சங்கிலியையும் எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தேன். “பாட்டி சொல்லிக் குடுக்கலடா கண்ணா. அம்மா தானே கத்துக்கிட்டேன். நீ தூங்கும்போது.”

அவள் மார்க்கரைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். குற்றம் சாட்டும் குரலில்லை. கணக்கு உதைக்கும்போது கேட்கிற குரல்.

“பட் அம்மா, யூ ஸெட் தேங்க் யூ.”

ஆமாம் என்றேன். அவள் அழிரப்பரை எடுத்து அந்த வரியை அழிக்கத் தொடங்கினாள். அழுத்தி எழுதியிருந்தாள், முழுதாகப் போகவில்லை. அதன்மேலேயே மறுபடி எழுத, ஜன்னலோரப் பலகையின் மூன்றாவது துளையிலிருந்து ஒரு பென்சிலை உருவினாள்.