இத்தா வீட்டுக் கம்பியூட்டர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த மாதிரிக் கதைகளை யாராவது தொடங்கினால் எழும்பிப் போகிற ஆள் நான். ஜின் இருக்கிறது என்பதில் எனக்கு மறுப்பில்லை, அது மார்க்கம் சொன்ன விஷயம். ஆனால் கம்பியூட்டருக்குள் ஜின் என்று வந்தால் எரிச்சல்தான் வரும். கல்முனையில் பதினைந்து வருடமாகத் திருத்துகிறேன். கம்பியூட்டர் இழுக்கிறது என்று ஓதிய தண்ணீரை அதன்மேல் தெளித்து, அதனாலேயே பழுதாக்கிக் கொண்டுவந்த ஒருவருக்கு நன்றாக ஏசித்தான் திருத்திக் கொடுத்தேன்.

போன வருடம் எங்கள் தெருவில் ஒரு மாஸ்டர் மௌத்தானார். அவருடைய மனைவி இத்தாவில் இருந்தார், கணவன் இறந்தபின் நாலு மாதமும் பத்து நாளும் வெளி ஆண்களின் கண்ணில் படக்கூடாது. அதனால் என்னோடு கதைத்ததெல்லாம் திரைக்குப் பின்னால் இருந்துதான். மகள் தாதிப் பயிற்சிக்கு விண்ணப்பம் போடவேண்டும், கடைசி நாளும் வந்துவிட்டது, அன்று பின்னேரம் நாலு மணியோடு சரி. போனில் சான்றிதழ்கள் ஏறவில்லை, மாஸ்டரின் கம்பியூட்டரோ விக்கி விக்கி ஓடியது. முந்தின நாள்தான் அதைக் கடைக்கு எடுத்துத் தூசி தட்டி, எல்லாம் சோதித்துக் கொடுத்திருந்தேன். கடையில் ஒரு குறையும் இல்லை. வீட்டு மேசையில் வைத்ததும் திரும்ப விக்கல்.

மூன்று மணிக்கு ஓடிப்போனேன். வாசல் கதவைத் திறந்தே வைத்துவிட்டு நான் நிலத்தில், கம்பியூட்டர்ப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன், மகள் மேசைக்கு முன்னால் நின்றபடி மவுஸைப் பிடித்தாள். அம்புக்குறி கொஞ்சம் நகரும், நிற்கும், யோசிக்கும், பிறகு கொஞ்சம் நகரும். பார்த்தால் பிராசஸர் சும்மா கிடக்கிறது, மெமரி பாதிக்கு மேல் காலி. பின்னால் ஓடிய புரோகிராம்களையெல்லாம் அவளை நிறுத்தச் சொன்னேன், இருந்தபடியே மவுஸை மாற்றினேன், பிளக்கை வேறு இடத்தில் குத்தினேன், நம்பினால் நம்புங்கள், ஒரு துளி வித்தியாசம் இல்லை. சான்றிதழ்களைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடலாம் என்றால் கொப்பி பண்ணுவதும் பாதியில் நின்றது. அதற்குள் பள்ளியில் அஸர் தொழுகைக்கு வாங்கு சொல்லிவிட்டார்கள்.

"தம்பி, சரி வருமா? அடுத்த வருசம் புள்ளக்கி வயசு தாண்டிரும்," என்றார் மகளின் உம்மா திரைக்குப் பின்னால் இருந்து.

"வரும் ராத்தா," என்றேன். வராது என்றுதான் நினைத்தேன். பதினைந்து வருடப் பெருமையெல்லாம் போய்விட்டது.

எப்படியோ படிவத்தை நிரப்பிவிட்டாள். ஆனால் அனுப்புகிற பொத்தானுக்குப் போகவே முடியவில்லை.

"மாமா, அம்பு இந்தக் கட்டத்துலயே வந்து வந்து நிக்கிது. இழுத்தாலும் வருதில்ல."

"அதுல என்ன இரிக்கி? வாசிங்க பாப்பம்," என்று எரிந்து விழுந்தேன்.

அடையாள அட்டை இலக்கம். அட்டையைப் பார்த்து ஒவ்வொன்றாக வாசித்தவள் நடுவில் நின்றுவிட்டாள். இரண்டு இலக்கம் இடம் மாறியிருந்தது. அப்படியே போயிருந்தால் விண்ணப்பம் அவளுடையதே இல்லை. உடனே திருத்தினாள். அம்புக்குறி வழுக்கிக்கொண்டு பொத்தானுக்குப் போனது. நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்க, கிடைத்துவிட்டது என்று பதில் வந்தது. அவள் சத்தம் போட்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கியது, ஏன் மறைக்கவேண்டும்.

நான் சாமான்களைப் பையில் போடும்போது திரை லேசாக அசைந்தது.

"அல்ஹம்துலில்லாஹ். தம்பி, ஒண்டு சொல்லுறன், குறை நினைக்காதீங்க. நீங்க வந்த நேரம் புடிச்சி அவர்ர கதிரையில இரிந்து கிறீச்சு கிறீச்செண்டு ஆடிக்கிட்டே இரிந்தீங்க. அவர் இரிக்கிற மாதிரியே கேட்டிச்சி, எனக்கு நெஞ்சு பதறிப் போச்சி. கடைசியா நீங்க எழும்பினாப் பொறகுதானே எல்லாம் சரி வந்த."

மாஸ்டரின் கதிரை மேசையோரம் காலியாக இருந்தது. நான் நிலத்தை விட்டு எழும்பவே இல்லை, மகள் ஆரம்பத்திலிருந்து நின்றுகொண்டுதான் இருந்தாள். இத்தாவில் இருப்பவரைப் பயமுறுத்தலாமா? "ஓம் ராத்தா, மன்னிச்சிக்கங்க," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மகளுக்கு இடம் கிடைத்து இப்போது படிக்கிறாள். அன்று ஒரு கிறீச் சத்தமும் என் காதில் விழவில்லை, அல்லாஹ் மேல் ஆணை. ஆனால் உம்மா அதைச் சொன்னபோது அந்தப் பிள்ளை ஆச்சரியப்படவில்லை. கதிரையைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கும் கேட்டதா என்று விசாரிக்க எனக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை.